தானாக அணைந்துபோகும் கணினி: கடன் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

(கோடைக்காலக் கணினி வகுப்பின் நிறைவு நாளன்று மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நம் அறக்கட்டளையின் செயலாளர் ஆற்றிய உரை)





ஒரு மாதமாகப் பிள்ளைகள் இங்கே வந்து டைப்பிங்கும் டேலியும் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் முன், பாடத்தில் இல்லாத ஒரு விஷயத்தை உங்களுக்கு, குறிப்பாகப் பெற்றோருக்கு, சொல்ல விரும்புகிறேன்.

வெயில் ஏற ஆரம்பித்ததிலிருந்து நம் அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான முறையீடு வந்துகொண்டிருக்கிறது. “பாய், கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. அரை மணி நேரம் ஆச்சுன்னா தானா ஆஃப் ஆயிடுது. உடனே போட்டா அஞ்சு நிமிஷம்கூட நிக்க மாட்டேங்குது.” இப்படிச் சொல்பவர்களில் சிலர் அடுத்ததாகக் கேட்பது, “புதுசு வாங்கக் கடன் கிடைக்குமா?” என்பதுதான்.

நம் வட்டியில்லாக் கடன் நிதி சிறியது. மருத்துவச் செலவுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், சிறு வியாபாரத்துக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கடன் வாங்கும் குடும்பமும் மாதாமாதம் வயிற்றைக் கட்டித்தான் அதை அடைக்கிறது. ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: தானாக அணையும் கணினி எல்லாம் கெட்டுப்போன கணினி அல்ல. அது சூடாகியிருக்கலாம். அந்தச் சூட்டுக்குக் காரணம் பல நேரங்களில் தூசியாகவோ, அடைபட்ட காற்றாகவோ, காய்ந்துபோன பேஸ்டாகவோ இருக்கும். செலவில்லாததை முதலில் பாருங்கள். செலவு பிடிப்பதைக் கடைசியில் பாருங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது?

நாம் வீட்டில் “சிபியு” என்று சொல்வது அந்தப் பெட்டி முழுவதையும். உண்மையில் புராசஸர் என்பது அந்தப் பெட்டிக்குள் மதர்போர்டின் மேல் இருக்கும் சிறு சதுரம். அதற்குள்ளே கணக்குப் போடும் சில்லு ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் அளவுதான். வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் சாதாரண ஐ5 புராசஸர் பலவற்றுக்கு 65 வாட் என்று கணக்கு. பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது கை வைக்க முடியுமா? அந்த அளவு சூடு ஒரு விரல் நகத்திலிருந்து வெளியேறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சூடு வெளியே போக ஒரு பாதை இருக்கிறது. சில்லிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடிக்கு வருகிறது. மூடியிலிருந்து பேஸ்ட் வழியாக ஹீட் சிங்க் என்ற அலுமினியத் தகட்டு அடுக்குக்கு ஏறுகிறது. அந்தத் தகடுகளில் ஃபேன் காற்றடித்துச் சூட்டைத் தள்ளுகிறது. கேபினெட்டின் பின்பக்க ஃபேன் அந்தச் சூடான காற்றை அறைக்குள் விடுகிறது. அறையிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே போகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்துக்கொண்டாலும் சூடு பின்வாங்கிப் புராசஸரிலேயே தங்கும். நம் வேலை அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது மட்டுமே.

அணைவது ஒரு பாதுகாப்பு

சூடு எல்லையைத் தொட்டதும் புராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கணினி மந்தமாகும், மவுஸ் திக்கும், வீடியோ நின்று நின்று போகும். அதற்குப் பிறகும் சூடு ஏறினால், எரிந்துபோகாமல் இருக்க மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

பழைய காலத்தில் எல்லாப் புராசஸருக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. 2001ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற கணினித் தளத்தினர் ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்த கணினியிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். அந்நாளைய அத்லான் புராசஸர் சில விநாடிகளில் புகைந்து கருகியது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது. இன்று எல்லாக் கம்பெனியின் புராசஸரிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே கணினி தானாக அணைந்தால், அது உங்களிடம் ஏதோ சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி மறுபடி பட்டனை அழுத்தி ஓட்டப் பார்க்காதீர்கள். வேலையைச் சேமிக்காமல் அணைவதால் பிள்ளைகளின் பாடமும் போகும். ஹார்டு டிஸ்க்கும் கெடலாம்.

சூடுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

அணைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஸ்விட்ச் போட்டவுடன் ஓரிரு விநாடிகளில் அணைந்து திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மோட்டார் போடும்போதோ, மின்சாரம் ஏறி இறங்கும்போதோ மட்டும் அணைந்தால், யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். நீலத்திரை வந்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டுத் திரும்பத் தொடங்கினால், ராம் அல்லது மென்பொருள் கோளாறாக இருக்கலாம்.

சூட்டுக்கு அடையாளம் வேறு. கணினி நேரம் கழித்துத்தான் அணையும். கனமான வேலை செய்தால் சீக்கிரம் அணையும். உடனே போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணையும். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடி நன்றாக ஓடும். அணைவதற்கு முன் ஃபேன் சத்தம் அதிகமாகும். இவற்றில் இரண்டு மூன்று பொருந்தினால் சூடு என்றே எடுத்துக்கொள்ளலாம்.

யூகத்தோடு நிற்க வேண்டாம், அளந்தும் பார்க்கலாம். கோர் டெம்ப், ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் புராசஸரின் வெப்பத்தை டிகிரியில் காட்டும். அவற்றைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். மென்பொருள் போட முடியாவிட்டால், கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 பட்டனை அழுத்தி பயாஸ் திரைக்குள் போனால், பல மதர்போர்டுகளில் வெப்பமும் ஃபேன் சுற்றும் வேகமும் அங்கேயே தெரியும். அங்கே எதையும் மாற்றாமல் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஊரில் கோடைப் பகலில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். கணினி சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரையும், வேலை செய்யும்போது 60 முதல் 80 வரையும் இருந்தால் கவலை இல்லை. சாதாரண வேலைக்கே 85ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்க வேண்டும். பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் புராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரியை ஒட்டியது. ஏஎம்டி ரைசன் பலவற்றுக்கு 90, 95. மாடலுக்கு மாடல் இது மாறும்.

அந்த எண் எப்படி ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். கால் மணி, அரை மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டம் அல்லது தூசி. வேலை கொடுத்த சில விநாடிகளிலேயே 50இலிருந்து 95க்குத் தாவினால், ஹீட் சிங்க் புராசஸர் மேல் சரியாக அமரவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது.

செலவில்லாத சோதனைகள்

முதலாவது, இடம். தூசி படியக்கூடாது என்று பெட்டிக்கு எம்பிராய்டரி துணி போட்டு மூடி வைக்கிறோம். மூடுவது நல்லதுதான், கணினியை அணைத்து ஆறிய பிறகு. ஓடும்போது துணி இருந்தால், கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் ஓடுவது போலத்தான். கம்ப்யூட்டர் டேபிளின் சின்ன அறைக்குள் பெட்டியைத் தள்ளிக் கதவைச் சாத்துவதும் அப்படியே. பெட்டியின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். கூட்டும் தூசி முழுவதும் தரையோரமாகத்தான் அதற்குள் போகிறது. அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் புகை உள்ளே ஒட்டும்; அதன்மேல் படியும் தூசி ஊதினால் போகாது. சாம்பிராணி போடும்போது கணினியை அணைத்து வையுங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் புகையையும் உள்ளே இழுக்கும்.

இரண்டாவது, கணினி என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோது புராசஸர் பயன்பாடு 80, 90 சதவீதம் என்று தொடர்ந்து காட்டினால், ஏதோ ஒரு மென்பொருள் பின்னால் ஓடுகிறது. விண்டோஸ் அப்டேட்டாக இருந்தால் சற்று நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டால் வைரஸ் சோதனை செய்யுங்கள். காசு கொடுக்காமல் இறக்கிய திருட்டு மென்பொருளோடும் விளையாட்டுகளோடும், அடுத்தவனுக்காக நம் கணினியில் நாணயம் தோண்டும் நிரல்கள் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. நம் மின்சாரம், நம் புராசஸர், லாபம் எவனுக்கோ.

மூன்றாவது, மூடி திறந்து பார்க்கும் சோதனை. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். பிறகு பிளக்கைச் செருகி ஓட்டிப் பாருங்கள். உள்ளே கை விடாதீர்கள். சிறு பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தகடு திறந்தபோது வெப்பம் நன்றாக இறங்கினால், பெட்டிக்குள் காற்று வந்துபோகவில்லை என்று பொருள். ஒரு மாற்றமும் இல்லாவிட்டால், அடைப்பு ஹீட் சிங்கிலோ அதன் அடியிலோ இருக்கிறது. தகட்டைத் திறந்தே வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். தூசி இன்னும் சேரும். கரப்பான் பூச்சியும் பல்லியும் குடியேறும். குழந்தைகளின் விரலுக்கும் ஆபத்து.

அப்போதே ஒன்றைக் கண்ணால் பாருங்கள்: புராசஸர் மேலிருக்கும் ஃபேன் சுற்றுகிறதா? சுற்றாவிட்டாலும், திக்கித் திக்கிச் சுற்றினாலும், கறகற என்று சத்தம் போட்டாலும் அதை மாற்ற வேண்டும். சில சமயம் அதன் ஒயர் மதர்போர்டில் செருகிய இடத்தில் கழன்றிருக்கும். அல்லது வேறு ஒயர் ஃபேனில் சிக்கியிருக்கும். தொடங்கும்போதே “சிபியு ஃபேன் எரர்” என்று திரையில் வந்தால் காரணம் இதுதான்.

தூசி எடுப்பது எப்படி?

பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரம் இறங்கும். உள்ளே தொடும் முன் கேபினெட்டின் வெற்றுத் தகட்டைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

பெட்டியை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ எடுத்துச் செல்லுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். மென்மையான, ஈரமில்லாத பெயின்ட் பிரஷ்ஷால் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே தட்டிவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். வீடு துடைக்கும் ஈரத்துணி வேண்டாம். வாக்குவம் கிளீனரையும் உள்ளே விட வேண்டாம். அது நிலைமின்சாரம் உண்டாக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வெளியிலிருந்து ஊதினால் போதும்.

சென்ற மாதம் ஒரு தாய் கடன் விண்ணப்பத்தோடு வந்தார். மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு. புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வீட்டில் இருப்பது அந்த ஒரு பழைய கணினிதான். புராசஸரும் போர்டும் போய்விட்டன, புதிது வாங்குவதே நல்லது என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெட்டியை ஆட்டோவில் கொண்டுவரச் சொன்னோம். நம் பயிற்சிக்கூட ஆசிரியர் திறந்து பார்த்தார். ஃபேனைக் கழற்றினால், கீழே தகடு கண்ணுக்கே தெரியவில்லை; தூசி கம்பளிபோலப் படிந்து கிடந்தது. ஹீட் சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு பின்களில் ஒன்று மேலே எழும்பியிருந்தது. தூசி எடுத்து, புதுப் பேஸ்ட் போட்டு, பின்னை அழுத்தியதும் கணினி மாலைவரை ஓடியது. அந்த அம்மா விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். புராஜெக்டும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

பேஸ்டும் பின்னும்

இன்டெல் கணினியோடு வரும் சாதாரண ஹீட் சிங்க் நான்கு பிளாஸ்டிக் பின்களால்தான் மதர்போர்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறும்போதும், வண்டியில் குலுங்கும்போதும் அதில் ஒன்று கழன்றுவிடலாம். மெல்ல அசைத்துப் பார்த்தால் ஹீட் சிங்க் ஆடக்கூடாது. கழற்றும்போது பின்னின் தலையை அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். மாட்டும் முன் அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு பின்களை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். சில கம்பெனி மாடல்களில் பின்னுக்குப் பதில் ஸ்க்ரூ இருக்கும். அதையும் எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும்.

ஹீட் சிங்கைக் கழற்றிவிட்டால், பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதுதான் போட வேண்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் இரண்டு பக்கமும் துடைத்து உலரவிடுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் வேண்டாம். அழுத்தும்போது தானே பரவும். அதிகம் போட்டால் அதிகம் குளிரும் என்பது தவறு. பற்பசை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சில நாளில் காய்ந்துவிடும்.

பழைய ஏஎம்டி கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் புராசஸரின் அடியில் ஊசிபோன்ற கால்கள் இருக்கும். காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருந்தால், ஹீட் சிங்கை இழுக்கும்போது புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிய பிறகே தூக்க வேண்டும்.

இந்தப் பேஸ்ட் வேலையை முதல் தடவை தனியாகச் செய்யச் சொல்லமாட்டேன். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இடம் மாற்றுவதும், டாஸ்க் மேனேஜர் பார்ப்பதும், தூசி ஊதுவதும் நம் பிள்ளைகளே செய்யக்கூடியவை.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் செய்த பிறகும் அணைந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். நேர்மையான சர்வீஸ்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். யாரையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையோடு போய், “ஓடல பாய், பாருங்க” என்று விட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை நிமிடத்தில் அணைகிறது, வெப்பம் எத்தனை டிகிரி காட்டியது, தகடு திறந்தபோது என்ன ஆனது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். “பேஸ்ட் மாற்றிப் பார்த்தீர்களா? வேறு எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். போர்டு போய்விட்டது என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தாய்மார்களே, இதைக் கேட்பதற்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. கோடைக்கு முன் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறையும் பெட்டியைத் திறந்து தூசி எடுக்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வரட்டும். பிரஷ்ஷும் ப்ளோயரும் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. பெயர் எழுதிவிட்டு எடுத்துச் சென்று, அடுத்தவர் பயன்படுத்தும்படி மறுநாள் திருப்பிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹருக்குப் பின் பயிற்சிக்கூட ஆசிரியர் இங்கே இருப்பார். பேஸ்ட் மாற்ற வேண்டியவர்கள் பேஸ்ட் டியூபை மட்டும் வாங்கிக்கொண்டு பெட்டியோடு வாருங்கள், கூலி கிடையாது. வகுப்பு முடித்த மாணவர்களும் வந்து உடன் இருங்கள். இரண்டு பெட்டியைத் திறந்து மூடினால், மூன்றாவதை நீங்களே திறப்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.